நம் ஊர்க் கண்மாயும் நாமும்

யூபிலி மலர்க் குழுவினர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தபோது, நம் பங்கில் பணியாற்றிய சாமியார்களின் வரிசையையும், கோவில் கட்டிய வரலாற்றையும் எழுதச் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று எண்ணினேன். அவற்றையெல்லாம் ஏற்கெனவே வேறு அன்பர்கள் எழுதித் தந்துவிட்டார்களாம். “வாத்தியாரையா, நீங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள்” என்றார்கள். ஊர் என்றால் எது? யோசித்துப் பார்த்தால் நம் ஊரை ஊராக்கியது கண்மாய் ஒன்றுதான். கண்மாய் நிறைந்த ஆண்டில் இந்த ஊரில் கலியாணம் நடந்தது, கோவிலில் வெள்ளையடித்தார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். நிறையாத ஆண்டில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. ஆகவே கண்மாயைப் பற்றியே எழுதுகிறேன். சில இடங்களில் என் எழுத்து யாருக்காவது உறுத்தலாம். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நம் வட்டாரத்தின் நில அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலும் சென்னையிலும் பிறந்து வளரும் நம் பேரப்பிள்ளைகளும் இந்த மலரைப் படிக்கக்கூடும் அல்லவா? திருவாடானைச் சீமை மலையோ காடோ இல்லாத சமவெளி. மேற்கேயிருந்து கிழக்கே தொண்டிக் கடலை நோக்கி மெல்லச் சரிந்து போகிறது. மணிமுத்தாறு, விருசுழியாறு, பாம்பாறு, சருகணியாறு என்று ஆறுகளுக்குப் பெயர் மட்டும் குறைவில்லை. ஆனால் ஆண்டில் சில வாரங்களுக்குமேல் அவற்றில் தண்ணீரைப் பார்க்க முடியாது. இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் மழை சுமார் 820 மில்லிமீட்டர். அதில் பாதிக்குமேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றில் கொட்டி முடிந்துவிடும். அதுவும் ஒழுங்காகப் பிரிந்து பெய்யாது. ஒரு வாரத்தில் ஊரே வெள்ளக்காடாகும். பிறகு முப்பது நாள் வானம் வெளுத்துக் கிடக்கும். இப்படி ஓடிவிடும் தண்ணீரை மறித்து வைத்து நெல்லாக்குவதற்கு நம் முன்னோர் கண்ட உபாயமே கண்மாய்.

ஒரு கண்மாய் என்பது தனிக் குளம் அன்று. மேட்டுக் கண்மாய் நிறைந்தால் அதன் கலுங்கு வழியாக மாறுகால் ஓடி அடுத்த ஊர்க் கண்மாயில் விழும். அது நிறைந்தால் அதற்கும் கீழே. இப்படி ஒரு செபமாலையில் மணி கோத்ததுபோல மேற்கிலிருந்து கடல்வரை கோத்துக் கிடப்பவை நம் கண்மாய்கள். ஆகையால் மேலூர்க்காரன் கலுங்கில் இரண்டு கல்லை உயர்த்தி வைத்தால் கீழூர்க்காரன் வயல் காயும். நம் தாத்தாமார் காலத்து அடிதடி வழக்குகளில் பாதி இந்த இரண்டு கல்லில் பிறந்தவை.

பாண்டியர் காலம் தொட்டுச் சேதுபதி மன்னர்கள் காலம்வரை இந்தச் சீமையில் கண்மாய் வெட்டுவது அரசர்க்குரிய பெரும் அறமாகவே எண்ணப்பட்டது. இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று இன்றும் சொல்வார்கள். கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாரையும் ஒரே மூச்சில் பறக்க மாட்டாது என்பது அதன் பொருள். நம்முடையது அவ்வளவு பெரியதன்று. நான்கு மடை, ஒரு கலுங்கு. மேலமடை, நடுமடை, கோவில்மடை, கடைமடை என்று பெயர். அதுவே நமக்குப் போதுமாயிருந்தது.

நான் கடைமடைக்காரன் மகன். அதாவது, அந்த மடையில் நிலம் வைத்திருந்தவரின் மகன் அல்லன்; அதைத் திறந்து மூடிய நீர்ப்பாய்ச்சியின் மகன். இன்றைய பிள்ளைகளுக்கு நீர்ப்பாய்ச்சி என்றால் தெரியாது. கண்மாயில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எந்த மடையை எத்தனை நாழிகை திறப்பது, யார் வயலுக்கு முதலில், யாருக்குப் பிறகு என்பதையெல்லாம் ஊர்க்கூட்டத்தின் முடிவுப்படி நடத்தியவன் அவன்தான். நிலம் உள்ளவர்கள் தங்கள் வயலுக்குத் தாங்களே வாய்க்காலை வெட்டிவிடக் கூடாது. மண்வெட்டி நீர்ப்பாய்ச்சியின் கையில்தான் இருக்க வேண்டும். ஏன்? அவனுக்குச் சொந்தமாக அந்த ஆயக்கட்டில் ஒரு குழி நிலமும் கிடையாது. ஆகவே ஓரவஞ்சனை செய்யமாட்டான் என்ற நம்பிக்கை. நிலம் இல்லாமையே அந்த வேலைக்குத் தகுதியாக இருந்தது என்பதை நான் வயது வந்தபின்தான் யோசித்துப் பார்த்தேன். கூலி, அறுவடையில் களத்து மேட்டில் மரக்கால் அளவில் நெல், வயலுக்கு இத்தனை அரி என்று கதிர், கண்மாய் அழியும்போது மீனில் ஒரு பங்கு.

பழைய மடை இன்றைய இரும்புத் திருகு மடைபோலக் கரையில் நின்று சுற்றித் திறப்பதன்று. கரையிலிருந்து சற்று உள்ளே தண்ணீருக்குள் இரண்டு கற்றூண்கள் நிற்கும். அவற்றின் நடுவே அடியில் கல் துவாரம். அதில் மரக்கட்டை அடைத்திருக்கும். நீர்ப்பாய்ச்சி நீந்திப் போய், மூழ்கி, கட்டையை உருவ வேண்டும். கண்மாய் நிறைந்திருக்கும்போது அந்த உறிஞ்சலில் கால் சிக்கினால் ஆள் மீள முடியாது. என் அப்பா மூழ்கும்போது அம்மா கரையில் நின்று அருள்நிறை மந்திரம் சொல்வாள். மூன்றாவது மந்திரம் முடிவதற்குள் தலை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நான்காவதை உரக்கச் சொல்வாள். எனக்கு அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

இனி வெள்ளாமையைப் பற்றி. தஞ்சாவூரில் தண்ணீர் வந்த பிறகு நாற்று நடுவார்கள். நாம் தண்ணீர் வரும் என்று நம்பி விதைப்பவர்கள். சித்திரை, வைகாசியில் ஒரு கோடை மழை விழுந்ததும் உழவு தொடங்கும். நான்கு உழவு, ஐந்து உழவு என்று மண் மாவாகும்வரை உழுது, ஆவணி, புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே நெல்லைத் தூவிவிடுவது. இதற்குப் புழுதி விதைப்பு என்று பெயர். எறும்பும் காடையும் தின்றது போக மிச்சம் மண்ணுக்குள் மழைக்குக் காத்திருக்கும். முதல் மழையில் முளைத்து, அடுத்த மழைவரை வாடி நின்று, ஐப்பசியில் கண்மாய்க்குத் தண்ணீர் வந்ததும் தலையெடுக்கும். இப்படி வாடியும் சாகாத நெல்தான் நமக்கு வேண்டியிருந்தது. சித்திரைக்கார், குருவைக் களஞ்சியம், நொறுங்கன், குழியடிச்சான் என்று நம் பாட்டிமார் வைத்திருந்த நெல்லெல்லாம் அந்த வகை. விளைச்சல் குறைவுதான். ஆனால் நாற்பது நாள் மழை இல்லாவிட்டாலும் அடியோடு கைவிட்டுவிடாது. அரிசி தடித்துச் சிவந்திருக்கும். அந்தக் கஞ்சியைக் காலையில் குடித்தவன் உச்சிப்பொழுதுவரை மண் வெட்டுவான்.

நிலத்துக்கு உரம் கடையில் வாங்கியதில்லை. அறுவடை முடிந்ததும் கீதாரிகள் ஆட்டு மந்தைகளை ஓட்டி வருவார்கள். இரவில் வயலில் கிடை போடுவார்கள். ஒரு இரவுக் கிடைக்கு இத்தனை படி நெல் என்று பேச்சு. அடுத்து, கோடையில் கண்மாய் வற்றியதும் உள்வாயில் படிந்த கரம்பை மண்ணை வண்டி வண்டியாக வெட்டி வந்து வயலில் பரப்புவோம். மிளகாய்க் கொல்லைக்கு அதைவிடச் சிறந்த உரம் கிடையாது. இன்று குண்டு மிளகாய் என்று ஊர் ஊராகப் பேர் பெற்று, 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்ட நம் இராமநாதபுரம் முண்டு மிளகாய் இந்த மண்ணில் வளர்ந்ததுதான். கவனித்தீர்களா? கரம்பை வெட்டியதில் வயலுக்கு உரமும் கிடைத்தது, கண்மாயும் ஆழமாயிற்று. ஒரு வேலையில் இரண்டு பலன். எவரும் சட்டம் போட்டு இதைச் செய்யச் சொல்லவில்லை.

சட்டம் போட்ட காலமும் உண்டு. வெள்ளைக்கார அரசு 1858-ல் சென்னை மாகாணத்தில் ஒரு கட்டாய உழைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கரை உடையும் ஆபத்தில் ஊரார் வேலைக்கு வந்தே ஆகவேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு முன்பே வழக்கத்தில் இருந்த குடிமராமத்துதான் அது. அரசாங்கம் அதற்குத் தண்டனையைச் சேர்த்தது. குடிமராமத்து என்றால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வருவது என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். நம் ஊரில் மேலத்தெரு வீட்டுக்கு ஓர் ஆள் என்பது பெரும்பாலும் அந்த வீட்டுப் பண்ணையாளாகத்தான் இருந்தது. அவன் கீழத்தெருக்காரன். தன் வீட்டுக் கணக்குக்கும் அவனே வரவேண்டும், ஆண்டை வீட்டுக் கணக்குக்கும் அவனே வரவேண்டும். கரையில் உள்ள மண்ணைக் கூடையில் எண்ணினால் யார் தலை அதிகம் சுமந்தது என்பது தெரிந்துவிடும். இது பழி சொல்வதற்கு அல்ல. வரலாறு என்று கேட்டதனால் சொல்கிறேன்.

நிலம் யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். 1800-களின் தொடக்கத்தில் இராமநாதபுரமும் சிவகங்கையும் நிரந்தர ஜமீன்களாக்கப்பட்டன. அரசராயிருந்தவர் ஜமீன்தார் ஆனார். உழுதவன் குடியானவனாகவே இருந்தான். நெல் விளைந்தால் களத்தில் வந்து ஜமீன் சேவகன் காவல் இருப்பான். அம்பாரத்தின்மேல் முத்திரைப் பலகையை வைத்துக் குறி போட்டுவிட்டால், கணக்கப்பிள்ளை வந்து அளக்கும்வரை அந்த வீட்டுக் குழந்தை பசித்து அழுதாலும் ஒரு படி எடுக்கக் கூடாது. அளக்கும் நாளில் முதலில் பொதுச் செலவு கழியும். தலையாரிக்கு, கொல்லனுக்கு, தச்சனுக்கு, வண்ணானுக்கு, நாவிதனுக்கு, நீர்ப்பாய்ச்சிக்கு, கோவிலுக்கு. மிச்சத்தில் ஏறக்குறைய பாதி மேல்வாரம் என்று ஜமீனுக்குப் போகும். மறுபாதி குடிவாரம். அதிலிருந்து பண்ணையாளுக்குக் கூலி. 1908-ஆம் ஆண்டின் ஜமீன் நிலச் சட்டம் குடியானவனுக்கு நிலத்தில் நிலைத்த உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டது. அந்த உரிமை மேலத்தெரு வரையில் வந்து நின்றுவிட்டது.

பஞ்சங்களைப் பற்றி நீட்டாமல் சொல்கிறேன். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். என் அப்பத்தா அதைப் பார்த்தவள் அல்லள். அவளுடைய அப்பத்தா பார்த்தவள். கற்றாழைக் கிழங்கை ஏழு தண்ணீரில் வேகவைத்துத் தின்ற கதையை எங்கள் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டே வந்தார்கள். சோற்றைக் கீழே சிந்தினால் “தாதுவை மறந்துட்டியா?” என்று அதட்டுவார்கள். பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் நம் சனங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும், பர்மாவுக்கும், மலேயாவுக்கும் போனார்கள். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவில் நுழைந்ததும் காட்டுவழியே நடந்து வந்து சேர்ந்தவர்கள் உண்டு. 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களும் உண்டு. வந்தவர்களுக்கு ஊரில் வீடு இருந்தது, நிலம் இல்லை.

இந்த மண்ணுக்கும் நம் விசுவாசத்துக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் இந்த மலரில் கட்டுரை எழுத முடியாது. புனித அருளானந்தர் 1693 பெப்ருவரி 4-ஆம் நாள் ஓரியூரில் பாம்பாற்றங்கரையில் தலை வெட்டுண்டார். அது தை மாதக் கடைசி. நம் பக்கத்தில் அறுவடைக் காலம். திருநாளுக்கு நம் முன்னோர் புது நெல் மூட்டையோடும் வைக்கோல் பரப்பிய வண்டியோடும் ஓரியூருக்குப் போனது அதனால்தான். புது அரிசியை அங்கே பொங்கி, பத்துப் பேருக்குப் போட்டுவிட்டு, பிறகுதான் வீட்டில் உலை வைப்பார்கள். 1947-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டபோது, நான் கைக்குழந்தையாம். அம்மா என்னையும் தூக்கிக்கொண்டு மாட்டு வண்டியில் திருப்பயணம் போனதாகச் சொல்வாள்.

நம் கோவிலும் கண்மாயிலிருந்து எழுந்ததுதான். முதலில் இருந்தது மண்சுவரும் பனையோலையும். பிறகு காரைக் கட்டடமாக எழுப்பியபோது, செங்கல்லுக்கு மண் கண்மாய் உள்வாயில் வெட்டினார்கள்; சூளையும் கரையடியிலேயே வைத்தார்கள். சுண்ணாம்புக்குத் தொண்டிக் கடற்கரையிலிருந்து சிப்பி வந்தது. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரில் அதை அரைத்தார்கள். மேற்கூரைக்கு நம் கரைப் பனைகளே வாரைகளாயின. கோவிலின் தென்புறத்தில் கண்மாயில் உள்ள பள்ளத்தைக் கோவில்பள்ளம் என்று இன்றும் சொல்கிறோம். கோடையில் கடைசித் தண்ணீர் அந்தப் பள்ளத்தில்தான் நிற்கும். மாடுகள் அங்கே குடிக்கும். கோவில் சுவரில் என்ன அளவு மண் இருக்கிறதோ அந்த அளவு தண்ணீர் அந்தப் பள்ளத்தில் நிற்கிறது என்று என் அப்பா வேடிக்கையாகச் சொல்வார்.

மழை பொய்த்த ஆண்டில் கோவில்பிள்ளை முன்னே சிலுவை பிடிக்க, புனிதர்களின் பிரார்த்தனை பாடிக்கொண்டு கண்மாய்க் கரையைச் சுற்றி வருவோம். அக்காலத்தில் விண்ணேற்றத் திருநாளுக்கு முந்திய மூன்று நாட்களும் மன்றாட்டு நாட்களாக உலகத் திருச்சபை முழுவதும் வயல்களை மந்திரித்தது. 1969-ல் வழிபாட்டு நாட்காட்டி திருத்தப்பட்ட பிறகு, அவற்றை எப்போது எப்படி நடத்துவது என்பது அந்தந்த நாட்டு ஆயர்களிடம் விடப்பட்டது. நம் ஊரில் அது சிறிது சிறிதாக நின்றுபோனது. மோட்டார் கிணறு வந்த வீடுகளில் முதலில் நின்றது என்பது என் கணிப்பு.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட அதே இரவு. எனக்குப் பதினேழு வயது. இருட்டியதிலிருந்து காற்றும் மழையும் நிற்கவில்லை. கண்மாய் ஏற்கெனவே முக்கால்வாசி நிறைந்திருந்தது. நடுச்சாமத்தில் நடுமடைக்கும் கோவில்மடைக்கும் இடையே கரை நெகிழ்கிறது என்று அப்பா ஓடி வந்து சொன்னார். கோவில் மணியை அடிக்கச் சொல்லி என்னை அனுப்பினார். அந்த நேரத்தில் மணி அடித்தால் சாவு என்று நினைத்து முதலில் எவரும் வெளியே வரவில்லை. விடாமல் அடித்தேன். கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. பிறகு மேலத்தெருவும் கீழத்தெருவும் அரிக்கேனோடு கரைக்கு ஓடினார்கள். பனை ஓலை, வைக்கோல் பிரி, சாக்கில் மண், கோவில் பெஞ்சுகள்கூட வந்தன. ஒரே வரிசையில் நின்று கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்தார்கள். மேலத்தெரு அம்பலக்காரர் வீட்டு மூத்தவர் என் அப்பாவின் இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையைத் தம் தோளில் சுற்றிக்கொண்டார். அப்பா கடைமடையில் மூழ்கிக் கட்டையை உருவினார். பிறகு கோவில்மடை. அதன் பிறகு நடுமடை. அம்மா எத்தனை மந்திரம் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. விடியும்போது கரை நின்றிருந்தது. பொங்கலுக்கு நெல் வீட்டுக்கு வந்தது.

மூன்றாம் நாள் கிறிஸ்து பிறப்புத் திருநாள். நடுச்சாமப் பூசைக்கு அப்பா வழக்கம்போல வடபுறச் சிறகில்தான் முழந்தாளிட்டார். கீழத்தெருவுக்கு அந்த இடம்தான். கயிறு பிடித்தவர் நடுமண்டபத்தில். இருவருக்கும் இடையே ஒரு தூண். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார் என்று அப்பா சொன்னார். எனக்கு அது போதவில்லை. அப்பாவுக்குப் போதுமாயிருந்தது.

அந்தப் பிரிவினை பிறகு நீங்கியது. இந்தப் பங்கிலிருந்த ஒரு சாமியார் ஒரு சனிக்கிழமை இரவில் பெஞ்சுகளையெல்லாம் எடுத்துவிட்டுப் பாய் விரித்தார். ஞாயிறு காலையில் யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றார். சில வீட்டார் ஆறு மாதம் பூசைக்கு வரவில்லை. வராதவர்களில் கயிறு பிடித்தவர் இல்லை. அவர் முதல் வாரமே வந்து வடபுறச் சிறகில் அமர்ந்தார். இதை எழுத அவருடைய பேரப்பிள்ளைகளிடம் அனுமதி கேட்டேன், எழுதுங்கள் என்றார்கள்.

நிலத்தில் இருந்த பிரிவினை அவ்வளவு எளிதில் நீங்கவில்லை. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, இடைத்தரகர் ஒழிந்து, குடியானவர்களுக்குப் பட்டா கிடைத்தது. நல்ல சட்டம். ஆனால் கணக்கில் யார் பெயர் இருந்ததோ அவருக்குப் பட்டா. கீழத்தெருவில் தலைமுறை தலைமுறையாக ஒரே வயலை உழுதவர்கள் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. வாரத்துக்கு உழுதவருக்குப் பாதுகாப்பாக 1955-ல் ஒரு சட்டமும், குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ல் ஒரு சட்டமும் வந்தன. பதிவு செய்யப் போனால் உழ நிலம் கிடைக்காது என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே நம் ஊரில் போனவர்கள் மிகச் சிலர். கீழத்தெருவுக்கு முதன்முதலாக உழுவதற்கு நிலையான நிலம் கிடைத்தது கோவில் மானிய வயலில்தான். கோவில்மடைப் பாசனத்தில் இருந்த அந்த வயலைத் துண்டு துண்டாகப் பிரித்து, நிலமற்ற வீடுகளுக்குக் குறைந்த வாரத்துக்கு விட்டார்கள். எங்களுக்கு வந்தது இருபத்தைந்து சென்ட். அந்த நெல்லில்தான் நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன்.

ஜமீன் போனதும் கண்மாய்க்கு வந்த கதி வேறு. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உடையவை பொதுப்பணித் துறைக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்துக்கும் போயின. கரையில் ஒரு கூடை மண் போட வேண்டுமென்றால் மனு எழுத வேண்டியதாயிற்று. கரம்பை அள்ள அனுமதி தேவைப்பட்டது. அதற்குள் ஐ.ஆர்.8, ஐ.ஆர்.20 என்று புது நெல்லும் சாக்கு உரமும் வந்துவிட்டதால் கரம்பையை எவரும் தேடவுமில்லை. எடுக்காத வண்டல் உள்ளேயே படிந்தது. நீர்ப்பாய்ச்சிக்குக் களத்தில் கொடுத்த மரக்கால் நெல்லைப் பலர் நிறுத்தினார்கள். அப்பா 1970-களின் நடுவில் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். அதன் பிறகு அவரவர் வாய்க்காலை அவரவரே வெட்டிக்கொண்டார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வது நின்றது.

சீமைக்கருவேலைத் திட்டாத பேச்சாளரை நம் மாவட்டத்தில் காண முடியாது. விறகுப் பஞ்சம் தீரட்டும் என்று 1950-களிலும் 60-களிலும் விதை தூவிப் பரப்பிய மரம் அது. இன்று கண்மாய் உள்வாய், வரத்துக்கால், தரிசு, சுடுகாடு எல்லாம் அதன் ராச்சியம். 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதனை அகற்றச் சொல்லி அதிரடியாக உத்தரவு போட்டது, இயந்திரங்கள் வந்தன, வேரை விட்டு மரத்தை எடுத்தார்கள், இரண்டு மழையில் மறுபடி தழைத்தது. இவ்வளவும் உண்மை. ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். மழையில்லாத ஆண்டுகளில் கீழத்தெருவில் அடுப்பெரிந்தது இந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்ட காசில்தான். 2016-ல் தமிழகம் முழுவதிலும் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. நம் ஆயக்கட்டில் ஒரு கதிர்கூட அறுக்கவில்லை. அந்த ஆண்டு கரி விற்று ஊரில் எத்தனை பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார்கள் என்பதைப் பங்குத் தந்தையிடம் கேட்டால் சொல்வார். மரத்தைத் திட்டுகிறவர்கள் இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

2017-ல் அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. நூறு நாள் வேலையிலும் வரத்துக்கால் சுத்தம் செய்தார்கள். கரை கொஞ்சம் உயர்ந்தது. பரமக்குடி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 2009-ல் வெளியிட்ட அண்ணா (ஆர்) 4 என்ற வறட்சி தாங்கும் நெல்லைச் சிலர் போடுகிறார்கள். மூன்று பேர் பழைய சித்திரைக்காரைத் தேடிப் பிடித்து விதைத்திருக்கிறார்கள். விதைநெல்லை வைக்கோல் பிரியால் சுற்றிக் கோட்டை கட்டும் வித்தை இன்று ஊரில் இரண்டே பேருக்குத் தெரியும். இருவரும் எண்பதைத் தாண்டிய பெண்கள். உழவுக்கு டிராக்டரும் அறுவடைக்கு இயந்திரமும் வெளியூரிலிருந்து மணிக்கணக்கு வாடகைக்கு வருகின்றன. இளைஞர்கள் சிங்கப்பூரிலும், துபாயிலும், திருப்பூரிலும் இருக்கிறார்கள். யூபிலிக்காக அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் கோபுரத்துக்கு வர்ணம் பூசினோம். நான் குறை சொல்லவில்லை. என் மகனும் அவர்களில் ஒருவன்.

சென்ற பங்குனியில் கண்மாய் அழிந்தபோது, மீன்பிடிக்க ஊரே இறங்கியது. மேலத்தெரு, கீழத்தெரு என்று பாராமல் ஊத்தாவும் கச்சாவும் எடுத்துக்கொண்டு சேற்றில் விழுந்து எழுந்தார்கள். விராலும் கெளுத்தியும் நல்ல வரத்து. கடைமடை அருகே என் பேரன் வழுக்கி விழுந்து எதையோ பற்றி எழுந்தான். பார்த்தால் பழைய கற்றூண். பாதிக்குமேல் வண்டலில் புதைந்து, தலை மட்டும் ஒரு முழம் தெரிந்தது. அப்பா தூணைப் பிடித்து நிற்கும் உயரம் எனக்குத் தெரியும். அவர் மார்புவரை இருந்த தூண் அது. அப்படியானால் கண்மாய் அந்த இடத்தில் ஏறக்குறைய ஓர் ஆள் இடுப்பு அளவு தூர்ந்திருக்கிறது. பேரனிடம் தூணின் உச்சியில் கயிறு உராய்ந்து விழுந்த பள்ளத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

பங்குப் பேரவையில் இதைச் சொன்னேன். யூபிலிக் கணக்கில் மீதம் வரும் தொகையில் கோவில் வாசலுக்கு வளைவு கட்டலாம் என்று ஒரு கருத்தும், கடைமடையைத் தோண்டி எடுத்துக் கல் துவாரத்தைத் திறக்கலாம் என்று ஒரு கருத்தும் இருக்கிறது. துறையிடம் அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். நன்றித் திருப்பலிக்கு அடுத்த ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடைபெறும். இரு தெருவிலிருந்தும் வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும். வீட்டுக்காரரே வரவேண்டும், ஆள் அனுப்ப வேண்டாம். அப்பாவின் மண்வெட்டி என் வீட்டில் இருக்கிறது. காம்பு மட்டும் மாற்ற வேண்டும்.